டிசி கொடுக்க மாட்டேன், வந்து பேசுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு அம்மா என் அறைக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும், முந்தானையில் முடிந்து வைத்திருந்த கூல் லிப் என்ற புகையிலை டப்பாவை மேசையில் வைத்தார். துணி துவைக்கும்போது மகனின் பேண்ட் பாக்கெட்டில் இருந்ததாம். “சார், டிசி கொடுத்துருவீங்களா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மகன் உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்கக்கூட அந்தப் பயம் அவரை விடவில்லை.

கொடுக்க மாட்டேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு பள்ளியில், கஞ்சாவோடு பிடிபட்ட ஒரு பையனை அனுப்பிவிடும் முடிவில் நானும் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவரை பகல் நேரமாவது அவன் எங்கள் கண்ணில் இருந்தான். அதையும் நாங்களே பறித்துவிட்டோம். அந்தத் தவறை இனி செய்ய மாட்டேன்.

கூல் லிப் உதட்டுக்குள் அடங்கிவிடும் புகையிலை. புகை வராது, புதினா வாசம்தான் வரும். அதனால் வீட்டில் தெரியாமல் போவது உங்கள் குற்றமில்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கோ, பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள்ளோ புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுப்பவருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. எந்தக் கடை என்று மட்டும் என்னிடம் சொல்லுங்கள். புகாரை என் பெயரில் கொடுக்கிறேன்.

பிள்ளை போதையில் வந்த இரவில் விசாரிக்க வேண்டாம். சாப்பாடு போட்டுப் படுக்க வையுங்கள், காலையில் பேசுங்கள். அடித்தால் அடுத்த முறை இன்னும் கவனமாக ஒளிப்பான், அவ்வளவுதான். அப்புறம் ஒன்று. கஞ்சாவையோ புகையிலையையோ விட்டதும் முதல் ஒன்றிரண்டு வாரம் எரிந்து விழுவான், தூங்க மாட்டான். கஞ்சாவை விட்டவனுக்குச் சோறும் இறங்காது. பல வீடுகளில் இதைத் திமிர் என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். அவன் விட முயல்கிறான் என்பதன் அடையாளம் அது. மறுபடி ஒரு நாள் எடுத்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள்.

குடியும், போதைக்காக எடுக்கும் வலி மாத்திரையும் அப்படியல்ல. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். ‘அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கும் பொடிகளைத் தொடவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது. குடிக்கு எதிரான சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது குடித்தால் உயிருக்கே ஆபத்து. மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால் அரசு உரிமம் இருக்கிறதா, சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்காமல் தனியாக வைக்கிறார்களா என்று நேரில் பாருங்கள்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு, பணம் கேட்க மாட்டார்கள். ‘கலங்கரை’ என்ற பெயரில் 2025-இல் தொடங்கிய அரசு மையங்களும் பல மாவட்டங்களில் இருக்கின்றன. போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446, பிள்ளைகளுக்கு உதவ 1098. 14416 மனநல ஆலோசனைக்கானது, அதில் உங்களுக்காகவும் பேசலாம். தூக்கம் கெட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் இருக்கும் நீங்களும் கவனிக்கப்பட வேண்டியவர்கள்தான்.

“நீ கொடுத்த செல்லம்தான்” என்று அப்பா அம்மாவையும், அம்மா அப்பாவையும் சொல்லும் பேச்சைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். வீட்டில் குடிக்கும் அப்பாக்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: மகன் விடும்போது நீங்களும் கூட விடுங்கள். தனியாக விடுவது அவனுக்கு மிகவும் கஷ்டம்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலக அறையில் இருப்பேன். இதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோரும் வருவார்கள். அந்த அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். வாசலில் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை, நேராக உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்