மனக்குறையைத் தமிழில் கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினரின் மனநலம் குறித்தும் சமூக ஊடகங்கள் குறித்தும் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அவற்றில் பேசப்படாத எல்லையோரச் சிக்கல் ஒன்றைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

தமிழக எல்லையையொட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பகுதிகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் கணிசமாக உள்ளனர். கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, 2020 ஜூனில் கேரளத்தில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற தொலைக்காட்சி, இணையவழி வகுப்புகள் தொடங்கிய பிறகு, தோப்பு வேலைக்குப் போகும் பெற்றோர் கடன்பட்டு வாங்கித் தந்த கைபேசி, பள்ளி திறந்த பின்னும் பிள்ளைகளின் கையிலேயே தங்கிவிட்டது. ஸ்னாப்சாட்டில் ஒருநாள் படம் அனுப்பத் தவறினால் நாள்தோறும் படம் பரிமாறுவதன் அடையாளமாகத் தோழியின் பெயரருகே இருக்கும் தீச்சுடர் மறைந்துவிடும் என்பதற்காக, காய்ச்சலில் கிடந்தபடியே கூரையைப் படமெடுத்து அனுப்பும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தை யாரோ கேலியாக மாற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டனர். அவள் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாள். தாயார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். பள்ளிக்கு வந்த ஆலோசகர் அன்பானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. “எந்து பற்றி மோளே?” (என்ன ஆச்சு மகளே?) என்று அவர் மலையாளத்தில் கேட்டபோது, “ஒண்ணுமில்லீங்க மிஸ்” என்று எழுந்து வந்துவிட்டாள். இத்தனைக்கும் கடைவீதியில் தட்டுத்தடுமாறாமல் மலையாளம் பேசுகிற பெண்தான். விலை கேட்கப் போதுமான மலையாளம், பட்ட அவமானத்தைச் சொல்லப் போதவில்லை. அன்றிரவு இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் தமிழில் கொட்டியிருக்கிறாள். அவர் நல்லவராக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 35 பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடைசெய்ததுபோல் இங்கும் செய்யலாம் என்கிறார்கள் சிலர். அப்பாவின் எண்ணில், பொய்யான பிறந்த தேதியில் கணக்குத் தொடங்கும் பிள்ளைகளிடம் அது எடுபடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தடை வந்தாலும் வராவிட்டாலும், அவர்கள் வாய்திறந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்ற மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம். எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதை அறியார். அந்த எண்ணைப் பள்ளிச் சுவரில் தமிழில் எழுதிவைக்கப் பெரிய செலவில்லை. தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழறிந்த ஆசிரியர் வேண்டும் என்று காலங்காலமாகக் குரல்கொடுத்த நாம், ஆலோசகர் விஷயத்தில் ஏனோ வாளாவிருந்துவிட்டோம். சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆலோசகர்களைக் கேரள அரசு நியமிக்க வேண்டும். அதுவரை வாரம் ஒருநாளாவது அத்தகைய ஒருவர் இப்பள்ளிகளுக்கு முறைவைத்து வந்துபோக மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.