ஜானையும் டிரியனையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' (தொலைக்காட்சியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்') நாவல் வரிசையில் யார் யாருடைய பிள்ளை என்று ரசிகர்கள் கட்டும் 'தியரி'களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஜான் ஸ்னோ இளவரசன் ரேகாரின் மகன் என்பதையும், டிரியன் லானிஸ்டர் பித்துப்பிடித்த மன்னன் ஏரிஸின் மகன் என்பதையும் ஒரே பத்தியில் போட்டு, இரண்டும் மாமாக் கடை அரட்டை என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். டிரியன் விஷயத்தில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஜான் விஷயம் வேறு. (நூல்களை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

கதை நடக்கும் வெஸ்டெரோஸில் தேசியப் பதிவு இலாகா கிடையாது, பிறப்புப் பத்திரமும் கிடையாது. முடி நிறம், மாதக் கணக்கு, பெரியவர்கள் வாய்தவறி விடும் வார்த்தை, இவைதான் சாட்சி. இந்தச் சாட்சிகளை எப்படிப் படிப்பது என்று 1996-இல் வந்த முதல் நூலே வாசகருக்குப் பாடம் நடத்துகிறது. ஜானைத் தன் மகனாக வளர்க்கும் நெட் ஸ்டார்க் ஒரு பழைய வம்சாவளிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு லானிஸ்டர் பெண் பராத்தியன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். பிறந்த குழந்தைக்குக் கறுப்பு முடி. அதற்கு முப்பது ஆண்டு முன் ஒரு பராத்தியன் பெண் லானிஸ்டர் வீட்டுக்குப் போனாள். மூன்று பெண், ஓர் ஆண், நால்வருக்கும் கறுப்பு. அப்படியிருக்க, பராத்தியனான ராபர்ட் மன்னனுக்கும் லானிஸ்டர் அரசிக்கும் பிறந்ததாகச் சொல்லப்படும் மூன்று பிள்ளைகளுக்கும் பொன்னிற முடி எப்படி வந்தது? தகப்பன் ராபர்ட் அல்ல. மரபியல் ஆசிரியர் இதற்கு முழு மதிப்பெண் போடமாட்டார். ஆனாலும் கதைக்குள் விதி இதுதான்.

பாடம் கற்றவர் அடுத்துச் செய்ய வேண்டியது மாதக் கணக்கு. பெரும்பாலான தியரிகள் இங்கேதான் விழும். ரேகாரின் தங்கை டெனேரிஸ் பிறந்தது, ராபர்ட் ஏரிஸைக் கவிழ்த்த போரில் அவள் தாய் தலைநகரை விட்டுத் தப்பிய ஒன்பதாம் மாதம் என்று முதல் நூலிலேயே இருக்கிறது. ஜான் அவளைவிட எட்டு, ஒன்பது மாதம் மூத்தவன் என்று மார்ட்டினே ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஜான் பிறந்தது தலைநகர் வீழ்ந்ததை ஒட்டி. அதிலிருந்து பத்து மாதம் பின்னால் போனால், ரேகார் போர்முனைக்கு வராமல், ஜானின் தாய் என்று இந்தத் தியரி சொல்லும் நெட்டின் தங்கை லியானாவோடு தெற்கே இருந்த காலம். கணக்கு இடிக்கவில்லை.

அடுத்தது நெட்டின் மனம். கர்ணன் யார் பெற்ற பிள்ளை என்பது நமக்கு முதலிலேயே தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. மார்ட்டின் இதைத் தலைகீழாக்குகிறார். உண்மை தெரிந்த நெட்டின் தலைக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிட்டு, அதைச் சொல்லாமல் விடுகிறார். ஜானைப் பற்றி மனைவி கேட்கும்போது 'என் இரத்தம்' என்கிறாரே தவிர, என் மகன் என்று நெட் சொல்வதில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் சுமந்த பொய்கள் இரவில் தன்னை வாட்டுவதாக நினைக்கிறார். ஜானுக்கு அப்போது வயது 14. சாகும் தறுவாயில் தங்கை லியானா வாங்கிய சத்தியம் என்ன என்பதும் அவர் நினைவில் முழுதாக வருவதில்லை. மறைக்கக் காரணமும் வலுவானது: ரேகாரின் இரு குழந்தைகளின் சடலங்களையும் ராபர்ட் முன் கொண்டுவந்து வைத்ததை நெட் கண்ணால் பார்த்தவர்.

மன்னனின் மெய்க்காவல் படையில் மூன்று பேர், அரச குடும்பத்தை விட்டுவிட்டு லியானா கிடந்த கோபுரத்துக்கு ஏன் காவல் நின்றார்கள், உள்ளே அரச வாரிசு இருந்ததால்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் காட்சி காய்ச்சலில் நெட் காணும் கனவு. அதில் வரும் வசனங்களை நீதிமன்ற வாக்குமூலம் போல வரிவரியாகப் பிடித்துத் தொங்கக்கூடாது. ஹாரன்ஹால் போட்டியில் ரேகார் மனைவியைத் தாண்டிப்போய் லியானாவுக்கு நீல ரோஜா கிரீடம் தந்ததும், இரண்டாம் நூலில் டெனேரிஸ் காணும் காட்சியில் பனிச்சுவரின் விரிசலில் (ஜான் காவல் நிற்பதும் பனிச்சுவரில்தான்) ஒரு நீலப் பூ முளைப்பதும் அதைவிடக் கனமான தடயம். சரி, ரேகாரின் டார்கேரியன் குலத்துக்கே உரிய வெள்ளி முடி ஜானுக்கு ஏன் இல்லை? டார்கேரியன் இளவரசன் பேலருக்கும் இல்லை. டோர்ன் தேசத்துத் தாயின் கருமைதான் அவனுக்கு வந்தது.

டிரியனுக்கு வருவோம். வெளிர்முடி, ஒன்றுக்கொன்று நிறம் வேறுபட்ட இரு கண்கள், தந்தை டைவினின் கடைசி ஏச்சு: நீ என் மகனல்ல. கழிவறையில் வயிற்றில் அம்பு பாய்ந்த நிலையில் சொன்ன வார்த்தையைப் பரம்பரைச் சான்றாக எடுப்பது கொஞ்சம் அதிகம். ஏரிஸ் டிரியனின் தாய் ஜோவன்னாவிடம் வரம்பு மீறியதாக ஐந்தாம் நூலில் ஏரிஸின் பழைய மெய்க்காவலர் பாரிஸ்டன் சொல்வது அவளது திருமண இரவைப் பற்றி. டிரியன் பிறக்கும்போது அண்ணன் ஜெய்மிக்கே ஏழெட்டு வயது. ஜோவன்னா 272-ஆம் ஆண்டில் தலைநகர் வந்தாள், டிரியன் பிறந்தது 273 என்று 2014-இல் வந்த துணைநூல் ஒரு வாசலைத் திறந்துவிடுவது உண்மை. ஆனால் நான்காம் நூலில் அத்தை ஜென்னா ஜெய்மியிடம், டைவினின் உண்மையான மகன் நீயல்ல, டிரியன்தான் என்கிறாள். டைவின் எந்தப் பிள்ளையை வெறுத்தாரோ அதுவே அவர் அச்சு என்பதுதான் அந்தக் குடும்பக் கதையின் உயிர். தகப்பனை மாற்றினால் அது செத்துப்போகும்.

கொல்லப்பட்டதாக நம்பப்படும் ரேகாரின் மகன் தானே என்று உரிமை கோரும் இளம் கிரிஃப் கட்டுரையில் இடம்பெறாதது வியப்பு. அவன் ரேகாரின் மகன் அல்ல, டார்கேரியன் குலத்திலிருந்து பிரிந்த பிளாக்ஃபையர் கிளையின் வாரிசு என்ற தியரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிளாக்ஃபையரின் ஆண்வழி அற்றுப்போனது என்று அவனுக்குத் துணைநிற்கும் இல்லிரியோ சொல்லும்போது 'ஆண்வழி' என்ற சொல்லைக் கவனியுங்கள்; பெண்வழி மிஞ்சியிருக்கலாம் அல்லவா? கறுப்பு இரும்பு டிராகன் ஒன்றின் தலை தண்ணீரில் கிடந்து துருவேறிச் சிவப்பாகக் கரை ஒதுங்கியதாக (கறுப்பு டிராகன் பிளாக்ஃபையர் சின்னம், சிவப்பு டிராகன் டார்கேரியன் சின்னம்) நான்காம் நூலில் வரும் குட்டிக் கதையும் சும்மா வந்ததல்ல.

கடைசியாக ஒரு பிழை. ஜானின் உண்மைப் பெயர் ஏகான், அவன் முறையான திருமணத்தில் பிறந்தவன் என்று கட்டுரை எழுதியது நூலில் இல்லை. அது 2017-இல் தொலைக்காட்சித் தொடரின் ஏழாம் பருவ இறுதியில் வந்தது. தாய் லியானா என்பதைத் தொடர் அதற்கு முந்தைய ஆண்டே காட்டிவிட்டது. நூலிலோ ரேகாருக்கு ஏற்கெனவே ஏகான் என்று ஒரு மகன் உண்டு, இளம் கிரிஃப் உரிமை கோருவதும் அந்தப் பெயரைத்தான். 2011-க்குப் பிறகு அடுத்த நூல் வராத நிலையில், தொடரில் வந்ததை நூலின் கணக்கில் எழுதுவது புலனக் குழுக்களில் தினமும் நடக்கும் குழப்பம். நாளிதழிலும் அது நடக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்