வெனிஸ் மணிக்கூண்டு

அன்புள்ள ஸ்டீபன்,

ஏழு மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். முட்டிவலி தேவலை. மகள் வீட்டில் எல்லோரும் சுகம். ஞானம் இன்னும் அதே கடன் கதைதானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வெனிஸில் புனித மாற்கு பேராலயத்தின் மணிக்கூண்டுக்குப் போனேன். உச்சியில் நின்றபோது உன் ஞாபகம்தான். விடுதிச் சுவரில் விரிசல் பெரிதானால் உடையட்டும் என்று அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவிட்டு, விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் ஓடிப் பார்ப்பாயே, அதேதான் இங்கும் நடந்திருக்கிறது. 1902-இல் கூண்டை ஒட்டியுள்ள லோஜெட்டா மண்டபத்தின் கூரையைச் சரிசெய்யப் போய், கூண்டின் சுவரையே வெட்டியிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் விரிசல் ஓடியது. கண்ணாடி ஒட்டினார்கள், உடைந்தது. அதிர்வு கூடாதென்று சதுக்கத்தில் பேண்டு வாத்தியத்தைக்கூட நிறுத்தினார்கள். ஜூலை 14 காலை, பத்து மணிக்குள், 98 மீட்டர் உயரமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆட்களை முன்பே விலக்கியிருந்ததால் காவலாளியின் பூனை மட்டும்தான் போனது.

யோசித்துப் பார் ஸ்டீபன். 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கூண்டு. எத்தனை இடி விழுந்தது! 1511 நிலநடுக்கத்தில் அடிபட்டும் எழுந்து நின்றது. 1609-இல் கலிலியோ தன் தொலைநோக்கியை வெனிஸ் பிரபுக்களுக்குக் காட்டியது இதன் உச்சியில்தான். அவ்வளவும் தாங்கியது ஒரு கூரை ரிப்பேரில் போய்விட்டதே என்று எனக்கு ஆறவேயில்லை.

அன்று மாலையே நகரமன்றம் கூடி, 'இருந்தபடியே, இருந்த இடத்திலேயே' கட்டுவது என்று முடிவெடுத்தது. 1912 ஏப்ரல் 25, மாற்குவின் திருநாளில் திறந்தார்கள். 'அப்போ நீ பார்த்தது நகல்' என்பாய். இடிந்தது இடிந்ததுதான் என்று நீ சண்டை போட்ட நாளெல்லாம் நானும் உன் கட்சிதானே. கூண்டைப் பார்த்த அன்று நள்ளிரவு அறையில் படுத்திருந்தேன், அதன் மராங்கோனா மணி அடித்தது. ஐந்து மணிகளில் இடிபாட்டிலிருந்து முழுசாகக் கிடைத்தது அது ஒன்றுதான். மராங்கோன் என்றால் தச்சர். கப்பல்துறைத் தச்சர்களுக்கு வேலை தொடங்குவதையும் முடிவதையும் சொன்ன மணி. மற்ற நான்கும் உடைந்த வெண்கலத்தையே உருக்கி வார்த்தவை. அந்த நாதத்தைக் கேட்டபின் நகல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தச் சண்டையில் இனி நான் உன் பக்கம் இல்லை.

ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் ஒன்று எழுது: கண்ணாடி உடைந்த அன்று நீ அங்கே இருந்திருந்தால், முட்டுக்கொடுத்து அதைக் காப்பாற்றியிருக்க முடியுமா?

அன்புடன்,
ராஜாமணி