நெய்தல் பூங்காவில் புன்னை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்கரையை அழகுபடுத்தும் திட்டம் என்றாலே ‘நெய்தல் பூங்கா’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். உள்ளே போனால் தென்னை, புல்தரை, சிமெண்டில் செய்த மீன். நெய்தல் என்னும் இந்தக் கடற்கரை நிலத்தைத் தொல்காப்பியம் ‘பெருமணல் உலகம்’ என்கிறது. அந்த மணலைப் பிடித்து வைக்கும் செடி ஒன்றுகூட அங்கே இருக்காது.

நெய்தல் பூவையே நடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அது அல்லி இனம். கழியிலும் குளத்திலும் வளரும், மணலில் வராது. மணலுக்கு உரியது அடும்பு என்னும் படர்கொடி. ‘மானடி யன்ன கவட்டிலை’ என்கிறது குறுந்தொகை 243. இலை நுனி நடுவில் பிளந்து, மான் குளம்புத் தடம் போலவே இருக்கும். மூன்று நான்கு கணு உள்ள கொடித் துண்டை, ஐப்பசி மழை தொடங்கியதும், அலை எட்டாத மேட்டில் இரண்டு கணு புதையும்படி சாய்த்து ஊன்றினால் போதும். விதையாக இட்டால் தோலை உப்புத்தாளில் தேய்த்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் உள்ளே இறங்காது. பரவிய பிறகு குப்பை அள்ளும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டினால் கொடி வேரோடு வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கையால்தான் பொறுக்க வேண்டும்.

தமிழ் அடையாளமாக நாம் காட்டும் மெரினாவின் அகலமே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர் தந்தது. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவருக்குத் தெற்கே அது குவிந்தது; வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வள்ளுவருக்கும் கண்ணகிக்கும் சிலை வைத்தோம். எதிரே உள்ள மணலில் அவர்கள் காலத்துச் செடியையும் வைக்கலாம்.

நெய்தல் நிலத்து மரமான புன்னையைக் கரைமேட்டுக்குப் பின்னால், உப்புக்காற்று நேராக அறையாத இடத்தில் நட வேண்டும். விதை ஓட்டை உடைத்து நீக்கினால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு புதைத்தால் இரண்டு மாதம்கூட ஆகும். நற்றிணை 172இல் தோழியரோடு விளையாடும்போது வெண்மணலில் அழுத்திய விதை, ‘மறந்தனம் துறந்த’ பிறகுதான், அதாவது மறந்து விட்டுவிட்ட பிறகுதான், முளைக்கிறது. எழுதியவர் புன்னையை அறிந்தவர்! அந்தக் கன்றுக்கு நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உன்னைவிடச் சிறந்தவள், உன் தங்கை’ என்று அந்தப் புன்னையைப் பற்றி மகளிடம் சொல்கிறாள் தாய். நமக்குப் பாலும் நெய்யும் வேண்டாம். முதல் கோடையில் வாரம் இருமுறை ஒரு குடம் நல்ல தண்ணீர், ஆடு மேயாமல் சுற்றி முள்வேலி.

இப்படிக்கு,
வாசகர், நாகப்பட்டினம்