வலி போய்விட்டது, கல் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகக் கல் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் தெருவில் பல வீடுகளில் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால், கல் போய் வழியை அடைத்துக்கொண்டால் சிறுநீரகத்தின் கதி என்ன என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த விடுபட்ட சங்கதியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்ளே துவாரமோ சில மில்லிமீட்டர்தான். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டியது தானாக வெளியேறுவது அபூர்வம். அது நடுவழியில் மாட்டிக்கொண்டால் மேலே நீர் தேங்கிச் சிறுநீரகம் உப்பத் தொடங்கும். ஸ்கேன் அறிக்கையில் ‘ஹைட்ரோநெப்ரோசிஸ்’ என்று போட்டு, மைல்டு, மாடரேட், சிவியர் என ஒரு படியும் குறித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த அறிக்கை ரேஷன் கார்டுடன் மஞ்சள் பைக்குள் போய்விடும். மறுபடி வெளியே எடுப்பது அடுத்த வலிக்குத்தான்.

அந்த வலியை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் கிளம்பி, அடிவயிற்றுக்கும் தொடையிடுக்குக்கும் இறங்கும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. கூடவே வாந்தி, நீர்க்கடுப்பு, சிலருக்குச் சிறுநீரில் ரத்தம். பக்கத்தில் இருக்கும் மருந்தகத்துக்கு ஓடி ஓர் ஊசி போட்டுக்கொண்டால் அடங்கிவிடும். “கல் விழுந்துவிட்டது அக்கா” என்று மறுநாள் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விழுந்ததைக் கண்ணால் பார்த்தாயா தம்பி என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில்.

இங்கேதான் சிக்கல். குழாய்க்குள் திடீரென்று ஏறுகிற அழுத்தம்தான் அந்த வலியைக் கிளப்புகிறது. அடைப்பு நீடித்தால், அடைபட்ட சிறுநீரகம் நீர் பிரிப்பதையே குறைத்துக்கொள்ளும். அழுத்தம் தணியும், வலியும் தணியும். கல் மட்டும் அசையாமல் அங்கேயே இருக்கும். கல் விழுந்ததாலும் வலி நிற்கலாம், சிறுநீரகம் சோர்ந்துபோனதாலும் நிற்கலாம். எது என்று மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மற்றொரு சிறுநீரகம் நன்றாக இருந்தால் சிறுநீர் வழக்கமான அளவில்தான் போகும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் சரியான அளவிலேயே இருக்கக்கூடும். அரசு 2023இல் தொடங்கிய ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்தில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அடைப்பைக் கண்டுபிடிக்க அது போதாது. முழு அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் சிறுநீரகத் திசு அழிய ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு கல்லை எடுத்தாலும் போன சக்தி முழுதாகத் திரும்பாது. விசைப்படகுத் தொழிலாளி ஒருவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா இருந்தபோது வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தார். இடது சிறுநீரகம் மெல்லிய தோல் போர்த்திய நீர்ப்பையாக இருந்தது. ரத்தக்கொதிப்பும் ஏறியிருந்தது. வலி வந்து ‘கல் விழுந்து’ சில வருடங்கள் ஆகியிருந்தன.

அடைப்போடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் வருடக் கணக்கு, வாரக் கணக்கு எல்லாம் கிடையாது, மணிக் கணக்குத்தான். தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையும் குளுக்கோஸ் பாட்டிலும் மட்டும் இதற்குப் போதாது. உள்ளே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்தோ முதுகு வழியாகக் குழாய் செருகியோ அந்த நீரை வடித்தாக வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். கடைக்கோடிக் கிராமத்திலிருந்து புறப்படுகிறவர்கள் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் நடக்கும் குழப்பத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும்போது சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும், படுக்கை நனையும். “அப்பாவுக்கு அடக்க முடியவில்லை, வயதாகிவிட்டது” என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பை நிரம்பி வழிகிறது. அடிவயிற்றைத் தொட்டாலே கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அடைப்பு சிறுநீர்ப்பைக்குக் கீழே இருப்பதால் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து வீங்கும். கால் வீக்கம், பசியின்மை, குமட்டல், ஓயாத அசதி என்று வந்து நிற்கும்போது கிரியேட்டினினும் பொட்டாசியமும் எகிறியிருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். குழாய் போட்டு நீரை இறக்கியதும் பெரியவர் தெளிந்துவிடுவார். உடனே வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படுவார்கள். வேண்டாம். நெடுநாள் அடைப்பு நீங்கியதும் சிலருக்குச் சிறுநீர் அளவு மீறிக் கொட்டும். உடம்பில் நீரும் உப்பும் குறையாமல் மருத்துவமனையில் வைத்துத்தான் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த அடைப்பு வராது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றினால் இரண்டு குழாய்களையும் சத்தமில்லாமல் நெருக்கிவிடும். கர்ப்பப்பை இறக்கத்தாலும் வரலாம். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் வலது பக்கத்தில், லேசான வீக்கம் தெரிவது சகஜம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். காய்ச்சலோ கடும் வலியோ இருந்தால்தான் பதற வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சிறுநீரக வீக்கம் என்று ஸ்கேனில் எழுதியிருந்தால், பிறந்தபின் குழந்தைக்கு மறுபடி ஸ்கேன் எடுப்பதை மட்டும் மறக்கக் கூடாது.

உவர்நீர் குடித்துத்தான் கல் வருகிறது என்று இங்கே எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். அது அவ்வளவு நிச்சயமில்லை. வெயிலில் வியர்வையாகக் கொட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதோ நிச்சயமான காரணம். உப்பளத்துக்கும் பாசி எடுக்கவும் போகிற பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பார்லிக் கஞ்சி யோசனை சொல்வதை விடக் கரையில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுப்பது பயன்படும். இன்னொன்று, கல்லைத் தள்ளுகிறேன் என்று வலி நேரத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பது. வழி அடைபட்டிருக்கும்போது அது வலியைத்தான் கூட்டும். வலி மாத்திரையை மாதக்கணக்கில் தாங்களே வாங்கி விழுங்குவதும் மீதமிருக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டு கோரிக்கைகள். மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். கல் இருப்பதாகத் தெரிந்தவர்களின் மறு ஸ்கேனுக்கும் அங்கே மாதம் ஒரு நாளை ஒதுக்க வேண்டும். அடுத்து, சிகிச்சைக்காக உள்ளே வைக்கும் டிஜே ஸ்டென்டை வழக்கமாகச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டும். வலி இல்லாததால் அதை மறந்தவர்கள் இங்கே உண்டு. அதன்மேலேயே கல் படிந்து மீண்டும் அடைத்துக்கொள்கிறது. எடுக்க வேண்டிய தேதியை எந்த மருத்துவமனையானாலும் தமிழில், பெரிய எழுத்தில் சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்தத் தேதியில் தொழிலாளி கடலில் இருப்பார் என்றால் வீட்டு அம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கீழக்கரை வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.