நீரோவின் அம்மா

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதத்துக்குப் பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதில் தெருவைக் கடப்பதே பெரிய பாடாக இருக்கிறது. முழங்கால் வலி பழையபடிதான். மற்றபடி சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ராத்திரி பார்க்கிற அந்த ராஜா ராணித் தொடரில், ஊரையே எடைபோடுகிற ராணிக்குப் பெற்ற பிள்ளை எவ்வளவு கொடியவன் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது என்று எழுதியிருந்தாய். பாசம் கண்ணை மறைக்கிறது என்று நீயே பதிலும் சொல்லிவிட்டாய். எனக்கு அது போதவில்லையடி. கதையை விடு, நிஜத்திலேயே ஒருத்தி இருந்தாள். காலேஜில் ரோம் வரலாற்றைப் பரீட்சைக்காக மட்டும் படித்தோமே, அதில் வருகிற அக்ரிப்பினா. நீரோவின் அம்மா.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் கொள்ளுப்பேத்தி, பேரரசர் கலிகுலாவின் தங்கை. கி.பி. 49இல் சொந்தச் சித்தப்பாவான பேரரசர் கிளாடியஸைக் கட்டிக்கொண்டாள். முறையில்லாத அந்தக் கல்யாணத்துக்காக ரோமின் ஆட்சி மன்றமான செனட் சட்டத்தையே மாற்றியது. கிளாடியஸுக்குச் சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருக்கும்போதே, முதல் கணவனுக்குப் பிறந்த தன் பையன் நீரோவை அடுத்த வருஷமே தத்தெடுக்க வைத்தாள். 53இல் கிளாடியஸின் மகள் ஆக்டேவியாவை அவனுக்கே கட்டிவைத்தாள். 54 அக்டோபரில் கிளாடியஸ் செத்துப்போனார். காளானில் அவள்தான் விஷம் வைத்தாள் என்கிறார்கள் பழைய வரலாற்றாசிரியர்கள். பட்டத்துக்கு வந்தபோது நீரோவுக்கு 16 வயது. முதல் நாள் காவலர்களுக்கு அவன் கொடுத்த ரகசியச் சொல் என்ன தெரியுமா? 'மிகச் சிறந்த தாய்'.

அந்த வருஷத்துக் காசுகளில் அம்மாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பார்த்தபடி இருப்பார்கள். முன்பக்கத்தில் அவள் பெயர், பின்பக்கத்தில் அவன் பெயர். 55இல் அவன் முகம் முன்னுக்கு வந்து அவள் முகம் அதன் பின்னால் பாதி மறைந்துவிட்டது. அப்புறம் ரோம் நகரக் காசில் அவளையே காணோம். (காசு என்றதும் ஒன்று. புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. நீரோ காசும் அதில் உண்டு. பெரும்பாலானவற்றில் மன்னன் தலைமேலேயே ஒரு வெட்டுக் கீறல். செல்லாக் காசாக்குவதற்காகக் கீறியது என்பார்கள். யாரோ நம்மூர்க்காரனுக்கு நீரோவைப் பற்றிச் சேதி எட்டியிருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.)

பிள்ளையின் குணம் அவளுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. நீரோ பிறந்தபோது அவன் அப்பனே, 'எனக்கும் அக்ரிப்பினாவுக்கும் பிறப்பது நல்லதாக இருக்குமா' என்று சொன்னானாம். செனட்டை அரண்மனையிலேயே கூட்டி, திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவர் பேச்சையும் கேட்டவள் அவள். யாருக்கு என்ன ஆசை, யாரை எதைக் காட்டி வாங்கலாம் என்பது அத்துப்படி. பிள்ளைக்கென்று தனியாக ஓர் ஆசை இருக்கும் என்பது மட்டும் அவள் கணக்கிலேயே வரவில்லை. அவனைத் தன் கையாகத்தான் நினைத்தாள்.

இதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்கிற ஒரு சின்னச் சம்பவமே போதும். முன்னாள் அரசிகளின் ஆடை, நகைகளிலிருந்து நல்லதாகப் பொறுக்கி நீரோ அவளுக்கு அனுப்புகிறான். வேறு அம்மாவாக இருந்தால் பூரித்துப் போயிருப்பாள். இவளோ, எல்லாமே நான் கொடுத்தது, அதிலிருந்து எனக்கே பங்கு போடுகிறானா என்றாள். அந்தப் பேச்சு அவன் காதுக்குப் போகாமலா இருக்கும்? கூடிய சீக்கிரம் அரண்மனைக் கணக்கு வழக்கைப் பார்த்துவந்த, அவளுடைய ஆளான பலாஸ் பதவியிழந்தான். உடனே அவள், பிரிட்டானிக்கஸைப் படை முகாமுக்குக் கூட்டிப்போவேன், அவன்தான் நிஜமான வாரிசு என்று மிரட்டினாள். யாரை மிரட்டுகிறோம் என்ற யோசனையே இல்லை பார்.

பிரிட்டானிக்கஸ் 14 வயது முடிவதற்குள் விருந்து மேஜையிலேயே செத்தான். பானத்தை ஒருவன் ருசிபார்த்துத்தான் கொடுத்தான். சூடு அதிகம் என்றதும் ஊற்றிய பச்சைத்தண்ணீரில் இருந்தது விஷம். கிளாடியஸுக்கு வைத்த விஷத்தைத் தயாரித்ததாகச் சொல்லப்படும் லோக்கஸ்டா என்பவள்தான் இதையும் காய்ச்சியவள். பையனுக்கு இது வலிப்பு, எப்போதும் வருவதுதான் என்றான் நீரோ, சாய்ந்த இடத்தைவிட்டு நகராமல். எதிரே இருந்த அக்ரிப்பினாவின் முகம் அரண்டுபோனதாம். அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவன் கொல்வான் என்பது புதிதில்லை. அவளைக் கேட்காமல் கொல்வான் என்பதும், அடுத்தது யார் என்பதும்தான் புதிது.

அதற்குப் பிறகும் அவள் ஒதுங்கவில்லை, வசந்தா. நான்கு வருஷம் போராடினாள். 59 மார்ச்சில் நேப்பிள்ஸ் பக்கம் பையே என்ற கடற்கரை ஊரில் நீரோ திருவிழா விருந்து வைத்து, கட்டி அணைத்து வழியனுப்பினான். அவளை ஏற்றிவிட்டதோ தானாக உடையும்படி செய்த படகு. கூரை விழுந்தது. கூட வந்த பெண், நான்தான் அக்ரிப்பினா, காப்பாற்றுங்கள் என்று கத்தியதால் துடுப்பாலேயே அவளை அடித்துக் கொன்றார்கள். நிஜ அக்ரிப்பினா வாயே திறக்காமல் நீந்தி, மீன்பிடிப் படகில் ஏறி வீடு சேர்ந்தாள். தோளில் காயம். இது விபத்தில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியாதமாதிரி இருப்பதுதான் ஒரே வழி என்று, 'தெய்வ அருளால் தப்பித்தேன், பார்க்க வர வேண்டாம்' என்று மகனுக்கு ஆள் அனுப்பினாள். அவனோ வந்தவன் காலடியில் ஒரு வாளைப் போட்டு, கொலை செய்ய வந்தான் என்று பிடித்துவைத்து, கடற்படைத் தலைவன் அனிசெட்டஸை அவள் வீட்டுக்கு அனுப்பினான். வாளை உருவியவனிடம் அவள் வயிற்றைக் காட்டி, இங்கே குத்து என்றாளாம்.

'உன் மகன் ஆள்வான், உன்னையும் கொல்வான்' என்று ஜோசியர்கள் முன்பே சொன்னதாகவும், 'கொல்லட்டும், ஆண்டால் போதும்' என்று அவள் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. இதைத்தான் நீ பாசம் என்பாய். எனக்கு அது பாசமாகத் தெரியவில்லை. ஆளப்போவது தான்தான் என்று நினைத்தவள் பேசுகிற பேச்சு அது. நம் காந்தாரி கண்ணைக் கட்டிக்கொண்டவள், துரியோதனன் ஜெயிக்க ஆசி கேட்டு வந்தபோது, தர்மம் இருக்கிற பக்கம்தான் வெற்றி என்று சொல்லி அனுப்பினாளே. அவளுக்கும் நூறு பிள்ளைகள்மேல் பாசம் இல்லாமலா?

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். விவரமாக எழுது, சண்டை போடலாம். மார்கழிக் கச்சேரிக்கு வருவதாக இருந்தால் முன்னாடியே சொல். சின்னவள் அறையைக் காலி செய்துவைக்கிறேன். வரும்போது வடகம் கொண்டுவா, இங்கே மொட்டைமாடியில் காயவைக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

அன்புடன்,
சாந்தா