ஒளி விழாப் பரிசு பற்றி

அன்பின் ராணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, நீ மறுபடியும் முன்பள்ளிக்குப் போய்வருகிறாய் என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. எண்ணெய் பூசுவதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, இனி இரவு வேலை இல்லை. அந்த நிம்மதியில்தான் எழுதுகிறேன்.

உங்கள் முன்பள்ளியின் நத்தார் ஒளி விழாவுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். பெற்றோர் எல்லோருக்கும் பற்றரி கார் வாங்கலாம் என்கிறார்களாம். கனடாவில் பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னாய். ஒரு வரியில் எழுதி முடிக்கிற விஷயம் இல்லை இது.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் டிசம்பர் 31க்குள் நான்கு வயது நிரம்புகிற பிள்ளையை அந்த வருடம் செப்டம்பரிலேயே பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதும் நாட்களில், நான் உதவிக்கு நிற்கிற வகுப்பில் சிலருக்கு இன்னும் மூன்று வயதுதான். பிள்ளை சொல்லச் சொல்ல ரீச்சரும் நானும் ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுவோம். கீழே அது தன் பெயரில் தெரிந்த ஓர் எழுத்தைக் கிறுக்கிவிடும். எல்லா வீட்டிலும் நத்தார் இல்லை. ஆகவே "உனக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும்தான் எல்லோரையும் கேட்போம். வீட்டார் சம்மதித்தால் தபாலில் போடுவோம்.

இந்த வருடம் ஒரு பையன் ஓர் உருளைக்கிழங்கு கேட்டான். "சமைக்கவா?" என்றேன். "இல்லை, வைத்திருக்க" என்றான். இன்னொருவனுக்கு ஒரு முழு செலோரேப் வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு பிள்ளைக்குப் பிளாஸ்ரர் பெட்டி, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சின்னவளுக்குத் தும்புத்தடி வேண்டும், அவளுடைய உயரத்துக்கு. "விளையாட்டுத் தும்புத்தடி வேண்டாம், உண்மையில் கூட்டுகிறது" என்று என்னைக் கொண்டு எழுதுவித்தாள். மாடிக் குடியிருப்பில் இருக்கிற ஒருவன் லிஃப்ற் பொத்தானைக் கேட்டான். எப்போதும் அக்காதான் அமத்துகிறாளாம்.

உருளைக்கிழங்கு என் மனதை விட்டுப் போகவில்லை. பின்னேரம் தாய் கூப்பிட வந்தபோது விசாரித்தேன். வீட்டில் அம்மம்மா சமைக்கும்போது இவனிடம் ஒன்றைக் கழுவக் கொடுப்பாராம். இவன் கழுவித் துடைத்து, கையில் கொஞ்ச நேரம் வைத்திருப்பான். பிறகு அதுவும் சட்டிக்குள் போய்விடும். சட்டிக்குள் போகாத ஒன்று அவனுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

இதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன் ராணி. இந்த ஆசைகளைக் கேட்டால் பெரியவர்கள் "எவ்வளவு அப்பாவி!" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போய்ப் பேசுகிற கரடிப் பொம்மையை வாங்கி வருவார்கள். எனக்குக் கோபம் வரும். பிள்ளை யோசிக்காமல் உளறவில்லை. நாங்கள் தினமும் கையாளுகிற ஒரு பொருளை அது மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறது. தொட்டால் "வை, வை" என்கிறோம். அந்தப் பொருள் ஒரு தடவையாவது தனக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறது. விலை தெரியாத வயதில் வருகிற ஆசை மிகவும் தெளிவாக இருக்கிறது.

இரண்டு மூன்று வருடம் போனால் பட்டியல் நீண்டுவிடும், கொம்பனிப் பெயர்களும் வந்துவிடும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் பைன், ஆவ்ரில் நாஷ் என்ற இருவர் சின்னப் பிள்ளைகள் நத்தார் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்களையே ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளம்பரம் வருகிற தொலைக்காட்சியை அதிகம் பார்க்கிற பிள்ளைகள் அதிகமான பொருட்களைக் கேட்டிருந்தார்கள். சிறுவரை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்துக்குத் தடை இருக்கிற சுவீடனில் பிள்ளைகள் கேட்டது குறைவு. இங்கே பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 13 வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கி விளம்பரம் செய்வதை 1980 முதல் சட்டம் தடுக்கிறது. ஒன்ராறியோவிலும் வரவேண்டும் என்பது என் ஆசை.

கடிதங்கள் எங்கே போகின்றன என்று கேட்பாய். தபால்தலை தேவையில்லை. "வட துருவம்" என்று எழுதி, ஹோ ஹோ ஹோ என்று வாசிக்கிற மாதிரி அமைத்த தபால் குறியீட்டைப் போட்டால் போதும். அனுப்புபவர் விலாசம் இருந்தால் பதில் வரும். 1974இல் மொன்றியல் தபால் ஊழியர்கள் சிலர், உரியவரிடம் சேர்க்க முடியாமல் கிடந்த இந்தக் கடிதங்களைப் பார்த்து மனம் கேளாமல் தாங்களே பதில் எழுதத் தொடங்கியது இது. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் எழுதுகிறார்கள். பிரான்சில் 1962இல் தபால் அமைச்சர் இதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தபோது முதல் பதிலை எழுதிக் கொடுத்தது அவருடைய அக்கா பிரான்சுவாஸ் டோல்ட்டோ. சிறுவர் உளப்பகுப்பாய்வில் பெரிய பெயர். இந்தக் கடிதங்களுக்கு அப்படி ஒருவர் பேனா எடுத்தார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பற்றரி கார் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டுக் கேள். வட்டமாக இருத்திக் கேட்டால் முதல் பிள்ளை கார் என்றதும் எல்லோரும் கார் என்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, "பொம்மையா? பந்தா?" என்று எடுத்துக் கொடுக்காதே. சில பிள்ளைகளுக்குக் கனநேரம் எடுக்கும். சொன்னதை அப்படியே எழுதி, அதையே வாங்கு. உழக்கு கேட்டால் உழக்கு, பூட்டும் திறப்பும் கேட்டால் பூட்டும் திறப்பும். காருக்கு ஒதுக்கிய காசில் பாதிகூட முடியாது.

ஒன்று மட்டும் கவனம். வெளிநாட்டில் இருக்கிற அப்பா வரவேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கும். இங்கே ஒருத்தி அம்மம்மாவைக் கேட்டாள், விசா இன்னும் கிடைக்கவில்லை. வரும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் தாயிடமே கொடுத்தோம். தாய் அதை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்.

பெற்றோர் கூட்டத்தில் வேண்டுமானால் இதை வாசித்துக் காட்டு, சுவீடன் விஷயத்தை முதலில் வாசி. உன் பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதவேண்டும். தங்கச்சியின் மகள் தை மாதம் ஊருக்கு வருகிறாள், அவளிடம் உனக்கு முழங்கால் பட்டியும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் செலோரேப்பும் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மங்கை
ஸ்காபரோ